பவர் ஸ்டீயரிங் ஒழுகல்: ரேக்கையே மாற்றச் சொல்கிறார்கள், அவசியமா? (சிட்டி 1.5, 2001 மாடல்)

பவானிக்கரை:

வணக்கம். வண்டி ஹோண்டா சிட்டி 1.5, பெட்ரோல், 2001 மாடல். அப்பா ஓட்டியது. என்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, அதனால் விற்க மனசு வரவில்லை.

கொஞ்ச நாளாகவே பவர் ஸ்டீயரிங் ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. டப்பாவில் கீழ்க்கோட்டுக்கு வந்ததும் ஊற்றுவேன், ஓடும். ஆனால் போர்டிகோ தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

போன ஞாயிறு குடும்பத்தோடு ஆசனூர் கிளம்பினோம். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறுகிறோம். 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பாதி மலை ஏறியிருப்போம், வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது என்ஜின் பக்கமிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த வளைவில் ஸ்டீயரிங் கனத்தது. அதற்கடுத்ததில் இரண்டு கையாலும் இழுத்துத்தான் திருப்பினேன். பின்னால் லாரி வேறு ஹாரன் அடிக்கிறான். அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினால் எண்ணெய் கருகுகிற நாற்றம். டப்பாவின் அடியில் வெறும் நுரை. டிக்கியில் இருந்த பாட்டிலை முழுசாக ஊற்றிவிட்டு மெதுவாகக் கீழே இறங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களை ஒடிக்கிற ரேக் முழுக்க எண்ணெய். "ரேக் சீல் போச்சு சார், அசெம்பிளியே மாத்தணும். இந்த வண்டிக்குப் புதுசு கிடைக்காது, ரீகண்டிஷன் பண்ணினது 26 ஆயிரம், லேபர் தனி" என்கிறார். அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். இருந்தாலும் பார்த்தது இரண்டு நிமிடம்தான், அதற்குள் முடிவு சொன்னதுதான் இடிக்கிறது.

என் மச்சான் பிரேக் ஆயில் ஊற்றினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம் என்கிறார். அது சரியா? சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கலாமா? ரேக்தானா என்று வீட்டிலேயே உறுதிசெய்ய வழி உண்டா? ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கிறது.

ஸ்பேனர் 17:

முதலில் மச்சானை அந்த பாட்டிலோடு வெளியே அனுப்புங்கள். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. பவர் ஸ்டீயரிங்கில் இருக்கிற ரப்பர் எல்லாம் மினரல் ஆயிலுக்குச் செய்தது. பிரேக் ஆயில் பட்டால் சீல் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். அப்புறம் ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன 26 ஆயிரம் நிஜமாகவே ஆகும்.

இரண்டாவது, ரேக் நனைந்திருக்கிறது என்பதற்காக ரேக் ஒழுகுகிறது என்று ஆகாது. எண்ணெய் கசிந்த இடத்திலேயே நிற்காது. குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தாழ்வான இடத்துக்கு வந்துதான் தொங்கும். உங்கள் வண்டியில் எண்ணெயை அழுத்தத்தோடு கொண்டுபோகிற பிரஷர் ஹோஸ் பம்ப்பிலிருந்து கிளம்பி, என்ஜினைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகடு) அடியில் இருக்கிற ரேக்குக்கு இறங்குகிறது. மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் நனைவது ரேக்தான். ஈரத்தைக் கீழேயிருந்து மேலே தேடிக்கொண்டு போக வேண்டும். ராம்ப்பில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது ரேக், அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ரேக்கைச் சோதிக்க ஒரே இடம் போதும். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும், பட்டறையில் பூட் என்போம். ரேக்கின் உள்சீல் போனால் எண்ணெய் அந்த பூட்டுக்குள்தான் வந்து சேரும். விரலால் அமுக்கினாலே தளதளவென்று தெரியும். சந்தேகமாக இருந்தால் வெளிமுனை கிளிப்பைத் தள்ளிவிட்டு ரப்பரை நுனியில் விலக்கிப் பாருங்கள். எண்ணெய் வழிந்தால் ரேக். பழைய கிரீஸும் தூசியும் மட்டும் இருந்தால் உள்சீல் நன்றாக இருக்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு: ஸ்டீயரிங் ராடு வந்து ரேக்கில் இறங்குகிற வால்வின் மேல் சீல் போயிருந்தால் பூட் காய்ந்தே இருக்கும். அப்போது ஈரம் அந்த ராடைச் சுற்றித் தொடங்கும், சில சமயம் டிரைவர் காலடி கார்பெட் வரைக்கும் வரும். அதையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

போர்டிகோவில் ஏன் சொட்டவில்லை என்றால், பிரஷர் ஹோஸ் நின்ற வண்டியில் பெரும்பாலும் ஒழுகாது. நேராக ஓடும்போது அந்த லைனில் அழுத்தம் மிகக் குறைவு. ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் ஒடித்து ஃபுல் லாக்கில், அதாவது மேற்கொண்டு திரும்பாத கடைசியில், பிடித்தால்தான் 70, 80 பார் வரை ஏறும். டயரில் நாம் அடிப்பது 2 பார் சொச்சம் என்று வைத்துப் பாருங்கள். வெடிப்பு அப்போதுதான் வாய் திறக்கும், என்ஜினை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். வெளியே வந்ததும் கொஞ்சம் அடித்தட்டில் தேங்கும், மீதி சூடான சைலன்சர் மேல் பட்டுக் கருகும். நீங்கள் சொன்ன நாற்றம் அதுதான். அதைச் சும்மா விடாதீர்கள். கார் தீப்பிடிக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது பார்க்கிற முறை. என்ஜின் ஆறியிருக்கும்போது ஆல்டர்னேட்டரை பாலிதீன் பையால் மூடிவிட்டு, பம்ப், ஹோஸ், ரேக் எல்லாவற்றையும் டீசலும் பழைய பெயின்ட் பிரஷும் வைத்துக் கழுவுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர். நன்றாகக் காயட்டும். காய்ந்த பிறகு, குழந்தைக்குப் போடுகிற டால்கம் பவுடரை எடுத்து ஹோஸ் முழுக்கத் தூவுங்கள். குறிப்பாக ரப்பர் இரும்புக்குள் நுழைகிற இடத்தில். டப்பாவில் ஆயில் அளவாக இருக்கட்டும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஸ்டீயரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லுங்கள். ஃபுல் லாக்கில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், பம்ப் சூடாகிவிடும். நீங்கள் டார்ச் வைத்து எட்ட நின்று பாருங்கள். எங்கே பவுடர் முதலில் கருக்கிறதோ அதுதான் இடம்.

ஓடுகிற என்ஜினில் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையில் அந்த அழுத்தத்தில் வருகிற எண்ணெய் தோலுக்குள் போய்விடும். பார்த்தால் எறும்பு கடித்த அளவுதான் காயம் இருக்கும், ஆனால் உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய கேஸ். தொடுவதெல்லாம் நிறுத்திய பிறகுதான்.

வண்டியை இப்போதைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. ஆயில் இல்லாமல் பம்ப் சுற்றினால் பம்ப்பும் போகும். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், பம்ப்புக்குத் தனி பெல்ட் இருக்கிற வண்டியில் அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம், ஸ்டீயரிங் கனமாக இருக்கும், அவ்வளவுதான். ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றுகிற புது வண்டிகளில் இதைச் செய்துவிடாதீர்கள். சார்ஜிங்கும் நிற்கும், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் நிற்கும்.

எல் போர்டு:

இவ்வளவு வேலை எதுக்குங்க? லீக்கை அடைக்கிற மருந்து சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. என் பழைய வண்டிக்கு ஊற்றி ஒரு வருஷம் ஓட்டினேன். ஆயிலும் அந்தக் கம்பெனி ஆயில்தான் வேண்டும் என்றில்லை, ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற சிவப்பு ஏடிஎஃப் போதும். எல்லாம் ஒன்றுதான்.

ஸ்பேனர் 17:

அந்த மருந்து செய்வது ஒன்றுதான்: காய்ந்துபோன சீலைக் கொஞ்சம் உப்பவைக்கும். சீல் லேசாக வேர்க்கிற வண்டிக்கு உதவலாம். வெடித்த ஹோஸை எந்த மருந்தும் ஒட்டவைக்காது.

ஆயில் "எல்லாம் ஒன்று" இல்லை. டொயோட்டா, மிட்சுபிஷி பழைய வண்டிகள் நிறையவற்றுக்கு டெக்ஸ்ரான் ஏடிஎஃப்தான் மேனுவலிலேயே இருக்கிறது. ஹோண்டா தன் பவர் ஸ்டீயரிங் ஆயிலான பிஎஸ்எஃப் தவிர வேறு எதையும் ஊற்றாதே, ஏடிஎஃபும் கூடாது என்கிறது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் பலவற்றில் பச்சை நிற சிந்தெடிக். டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுவது சுலபம்.

பவானிக்கரை:

ஸ்பேனர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். பூட் இரண்டும் உள்ளே வறண்டு கிடக்கிறது. ராடு பக்கமும் ஈரம் இல்லை. காலடி கார்பெட்டும் காய்ந்திருக்கிறது.

பவுடர் தூவிவிட்டு என் மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். முதல் ஒடிப்பில் ஒன்றும் இல்லை. வலது ஃபுல் லாக்கில், பிரஷர் ஹோஸில் பம்ப் பக்கத்து இரும்பு வளையம் இருக்கிறதே, அதன் விளிம்பில் பவுடர் மேல் பழுப்பாக ஒரு கோடு வந்தது. அடுத்த ஒடிப்பில் அந்தக் கோடு வளையத்தைப் பாதி சுற்றிவிட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, ரப்பரை அந்த இடத்தில் லேசாக வளைத்தேன். வளையத்தை ஒட்டிக் குறுக்கே வெடிப்பு வாய் பிளக்கிறது. மற்ற இடத்தில் ரப்பர் இளகுகிறது, அங்கே மட்டும் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழவில்லை. அப்படி இறுகிப்போயிருக்கிறது.

ஆக ரேக் இல்லை, ஹோஸ்தான். இப்போது அடுத்த தலைவலி. ஈரோட்டில் ஏறி இறங்கியதில் புது ஹோஸ் யாரிடமும் இல்லை. 2003க்கு அப்புறம் வந்த சிட்டியில் எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்பதால் அந்த வண்டியின் சாமானும் உதவாது. சென்னை புதுப்பேட்டையில் விசாரித்ததில் பழைய வண்டியில் கழற்றிய ஹோஸ் ஒன்று இருக்கிறதாம், படம் அனுப்பினார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொருவர், ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கிற கடையில் கொடுத்தால் அரை மணியில் புதுசு போட்டுத் தருவார்கள் என்கிறார். எது நல்லது?

ரிக்கூர் ஹோஸ்:

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டை ஹோஸ் வேண்டாம். ரப்பர் வயசாவது ஓடுவதால் மட்டும் இல்லை, சூட்டாலும் காற்றாலும்தான். உங்கள் வண்டி வயசுதான் அந்த வண்டிக்கும். உங்களுடையது திம்பத்தில் போனது, அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விலை சல்லிசாக இருந்தால் அதை வாங்கி வைப்பதில் அர்த்தம் உண்டு, ரப்பருக்காக இல்லை, இரண்டு முனையில் இருக்கிற இரும்புக் குழாய்க்காக. உங்களுடையது வேலையில் கெட்டுப்போனால் மாற்று இருக்கும்.

நான் இருப்பது திருச்செங்கோடு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ரிக் வண்டிதான், அதனால் ஹோஸ் கடைக்குப் பஞ்சம் இல்லை. என்னிடம் வருவதிலும் முக்கால்வாசி போர்வெல் ரிக் ஹோஸ்தான். நடுநடுவே பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு பையில் வளைந்த குழாயோடு வருவார்கள். வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானதைப் போடுங்க." அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

ரிக்குக்கும் ஜேசிபிக்கும் போடுகிற ஹோஸ் எஃகுக் கம்பி பின்னியது. முக்கால் இன்ச், ஒரு இன்ச் என்று பெரிசெல்லாம் விடுங்கள், உங்களுக்கு வேண்டிய மூன்றெட்டு (3/8) இன்ச்சையே எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கம்பிப் பின்னல் ஆர் 1 வகை 180 பார் தாங்கும், இரட்டைப் பின்னல் ஆர் 2 வகை 330 பார் தாங்கும். உங்கள் பம்ப் கொடுப்பதோ ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி 70, 80. கணக்குப் பார்த்தால் ஒற்றைப் பின்னலே இரண்டு மடங்கு. ஆனால் ஸ்டீயரிங் ஹோஸுக்கு அழுத்தம் தாங்குவது பாதி வேலைதான்.

மீதி வேலை உப்புவது. பம்ப்புக்குள் தகடுகள் சுற்றிச் சுற்றி எண்ணெயைத் தள்ளும்போது அது சீராக வராது, துடித்துத் துடித்து வரும். கம்பெனி ஹோஸில் உள்ளே நைலான் மாதிரி நூல் பின்னலைத்தான் போட்டிருப்பார்கள், வேண்டுமென்றே. ஒவ்வொரு துடிப்புக்கும் அது கொஞ்சம் உப்பிச் சுருங்கி அதிர்வை விழுங்கிவிடும். அமெரிக்க எஸ்ஏஇ தரத்திலேயே இதற்குத் தனி எண் உண்டு: ஜே188 என்பது நன்றாக உப்புகிற பிரஷர் ஹோஸ், ஜே189 எண்ணெய் டப்பாவுக்குத் திரும்புகிற ரிட்டர்ன் ஹோஸ். இன்னும் சில வண்டிகளில் ஹோஸுக்குள்ளேயே மெல்லிசாக இன்னொரு குழாய் இருக்கும், அதுவும் சத்தத்தை அடக்கத்தான். வெட்டும்போது அது கையில் வந்தால் குப்பை என்று எறிந்துவிடாமல் என்னைப் போன்றவனிடம் காட்டுங்கள்.

இரட்டைக் கம்பி ஹோஸ் உப்பவே உப்பாது. போட்டால் வெடிக்காது, ஆனால் துடிப்பு முழுசும் ரேக்குக்குப் போகும். ஸ்டீயரிங் ஒடிக்கும்போது ரீங்காரம் கேட்கும், சில வண்டியில் சக்கரத்தைப் பிடித்த கையிலும் தெரியும். அதோடு அது வளையாது. ஒற்றைப் பின்னல் மூன்றெட்டு இன்ச்சுக்கே வளைவின் ஆரம் 130 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் போகக் கூடாது என்பது கணக்கு. என்ஜின் பக்கத்தில் அவ்வளவு இடம் எல்லா வண்டியிலும் இருக்காது. இன்னொன்று சூடு. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான். சூடான புகை வெளியேறுகிற மேனிஃபோல்டு பக்கம் போகிற ஹோஸுக்கு அது போதாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது "பவர் ஸ்டீயரிங் ஹோஸ், மீட்டர் கணக்கில்" என்று. கோயம்புத்தூரில் கிடைக்கும், சில கடைக்காரர்கள் வரவழைத்தும் தருவார்கள். அது கிடைக்கவே இல்லை என்றால் ஒற்றைப் பின்னல், அதிலும் வளையக்கூடிய மெல்லிய வகை, சூடு படுகிற இடத்தில் கண்ணாடி நூல் உறை. இரட்டைப் பின்னலை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி வேலை. வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்னால் ஹோஸ் எப்படிப் போகிறது என்று நாலு பக்கத்திலிருந்து போட்டோ எடுங்கள். கழற்றிய பிறகு இரண்டு இரும்பு முனையும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது முக்கியம். தரையில் ஒரு அட்டையைப் போட்டு ஹோஸை வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வெட்டிய பிறகு கோணம் மறந்துபோனால், வண்டியில் மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டுதான் போகும். முறுக்கின ஹோஸ் அழுத்தம் ஏறும்போது தன்னை நேராக்கப் பார்க்கும், அதில் நட் தளரும். ஹோஸ் மேல் எழுத்து அச்சடித்த கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்தாலே முறுக்கு தெரிந்துவிடும்.

பழைய வளையத்தை கிரைண்டரில் நீளவாக்கில் கீறிப் பிளப்போம். உள்ளே இருக்கிற குழாய் மூக்கில் பிளேடு படக் கூடாது, லேசாகப் பட்டாலும் அந்தக் குழாய் போச்சு. மூக்கு நல்ல நிலையில் இருந்து நம்மிடம் அளவு வளையம் இருந்தால் நேராகப் புது ரப்பரைச் செருகி அடித்துவிடலாம். இல்லையென்றால் குழாயை வெட்டி, புது ஹோஸ் நிப்பிளை சில்வர் பிரேசிங் செய்து ஒட்ட வேண்டும். ஆர்க் வெல்டிங் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அந்த மெல்லிய குழாய் அதற்குத் தாங்காது. பிரேசிங் செய்யும் முன் முனையில் இருக்கிற ரப்பர் வளையத்தை, அதாவது ஓ ரிங்கை, கழற்றியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிம்ப் மெஷினில் எட்டுத் தாடை ஒரே சமயத்தில் வளையத்தை நெரிக்கும். வெளியே எடுத்ததும் வெர்னியர் வைத்து விட்டத்தை அளக்காத கடையில் வேலை கொடுக்காதீர்கள். ஹோஸுக்கும் வளையத்துக்கும் தக்கபடி இவ்வளவு விட்டம் என்று சார்ட் இருக்கிறது. கம்மியாக நெரித்தால் உருவிக்கொள்ளும், அதிகமாக நெரித்தால் உள் ரப்பர் நசுங்கிக் கொஞ்ச நாளில் உங்கள் பழைய ஹோஸ் மாதிரியே வளையத்தை ஒட்டி வெடிக்கும். நீளம் பழசு அளவே இருக்கட்டும், இழுத்துக் கட்டின மாதிரி வேண்டாம். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் குறுகும். என்ஜினும் மவுன்ட் மேல் ஆடும், அந்த ஆட்டத்துக்காகத்தான் நடுவில் ரப்பரே.

ரப்பரை வெட்டும்போது உள்ளே தூள் விழும், கம்பித் துகளும் விழும். காற்று அடித்து, ஆயில் ஊற்றிக் கழுவி, மறுபடி காற்று அடித்துத்தான் கொடுக்க வேண்டும். ரேக் வால்வுக்குள் இருக்கிற இடைவெளி முடியளவுகூட இல்லை. அங்கே ஒரு துகள் போய் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் லேசுமாக ஸ்டீயரிங் நடந்துகொள்ளும். கடைசியாக ஒரு முனையை அடைத்து கை பம்ப்பில் 150 பார் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும்.

ஸ்பேனர் 17:

ரிக்கூர் நண்பர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஒன்றைத் தவிர. போதுமான வளைவு இடம் இருந்தால் ஒற்றைப் பின்னல் ஹோஸிலேயே வருஷக்கணக்கில் ஓடுகிற வண்டிகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சத்தமும் இல்லை. கோயம்புத்தூருக்கு அலைய முடியாதவர்கள் பயப்பட வேண்டாம்.

ரிக்கூர் ஹோஸ்:

வண்டிக்கு வண்டி மாறும் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்பேனர் 17:

சரி, மாட்டுகிற கதைக்கு வருவோம். பம்ப் பக்கம் இரண்டு சின்ன போல்ட்தான், 10 ஸ்பேனர். நடுவில் ஒரு ஓ ரிங். பழசைத் திரும்பப் போடாதீர்கள், புதுசை ஸ்டீயரிங் ஆயிலில் நனைத்துப் போடுங்கள். கிரீஸ் வேண்டாம். ரேக் பக்கம் குழாய் நட். சாதாரண ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் மூலை மழுங்கிவிடும், பிரேக் பைப் கழற்றுகிற ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது நட்டைக் கையாலேயே கடைசி வரை ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். இரண்டு முனையையும் தளர்வாக மாட்டி, ஹோஸ் எதிலும் உரசாமல் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். நடுவில் இருக்கிற கிளாம்பை மறக்காமல் போடுங்கள். அது இல்லாமல் ஓடினால் குழாய் அதிர்ந்து அதிர்ந்து பிரேசிங் போட்ட இடத்தில் விட்டுவிடும்.

அதோடு ரிட்டர்ன் ஹோஸையும், டப்பாவிலிருந்து பம்ப்புக்கு இறங்குகிற ஹோஸையும் மாற்றிவிடுங்கள். அதில் அழுத்தம் இல்லை, விலையும் இல்லை. ஆனால் எண்ணெய் தாங்குகிற நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் அளவு சரியாக இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள், அது எண்ணெய் பட்டால் ஊறிப்போகும்.

காற்று எடுப்பதில் அவசரம் கூடாது. முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை மெதுவாக முழுசாக இரண்டு பக்கமும் ஒடித்துக்கொண்டே இருங்கள். டப்பாவில் குமிழி வரும், அளவு இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் அதே வேலை. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்தால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தி, அடங்கவிட்டு, மறுபடி.

பவானிக்கரை:

வேலை முடிந்தது. திருச்செங்கோட்டுக்கே போய்விட்டேன். பவர் ஸ்டீயரிங் ஹோஸே கிடைத்தது. பம்ப் பக்கத்து மூக்கு நன்றாக இருந்ததால் பிரேசிங் தேவைப்பட்டது ரேக் பக்கம் மட்டும்தான். 150 பார் ஏற்றி முள்ளைக் காட்டினார்கள். பிரேசிங், கிரிம்ப் எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். ஆயில், ஓ ரிங், மற்ற இரண்டு ஹோஸ் தனி.

பழைய ஹோஸை நீளவாக்கில் பிளந்து காட்டினார்கள். நடுப்பகுதியில் உள் ரப்பர் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. வளையத்துக்குள் இருந்த அரை இன்ச் மட்டும் கரி மாதிரி உதிர்கிறது. நூல் பின்னல் அங்கே பழுப்பேறி, இழுத்தால் அறுந்து வருகிறது.

ஸ்டீயரிங் இப்போது லேசாக இருக்கிறது. மறுபடி பவுடர் தூவிப் பார்த்ததில் எல்லா இடமும் வெள்ளையாகவே இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி மெல்லிய ஊளை வந்து நின்றுவிடுகிறது. டப்பாவில் அளவு இறங்கவில்லை, ஆனால் நிறுத்தியதும் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம் குமிழி. ஹோஸ் சத்தமா இது?

ரிக்கூர் ஹோஸ்:

ஹோஸ் சத்தம் என்றால் ஒடிக்கும்போதெல்லாம் வரும், காலையில் மட்டும் வராது. குமிழி இருக்கிறது, அளவு இறங்கவில்லை என்றால் காற்று உள்ளே போகிறது, எண்ணெய் வெளியே வரவில்லை. டப்பாவிலிருந்து பம்ப்புக்கு இறங்குகிற பக்கத்தைப் பாருங்கள். அங்கே உறிஞ்சல்தான், ஒழுகாது.

ஸ்பேனர் 17:

அதேதான். பம்ப்பின் நுழைவாய் குழாயிலும் ஒரு ஓ ரிங் உண்டு, ஹோண்டாவில் அது தட்டையாகி இறுகிக் காற்று விடுவது நிறையப் பேருக்கு வருகிற விஷயம். ஹோஸ் மாற்றும்போது அதை மாற்றினீர்களா? இல்லையென்றால் அதையும், புது ஹோஸ் கிளாம்பு சரியாகக் கடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிளாம்பு குழாய் மூக்கின் மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேலே இருந்தால் காற்று இழுக்கும்.

பவானிக்கரை:

வெளியே போகிற பக்கத்து ஓ ரிங் மட்டும்தான் மாற்றினேன். நுழைவாய்க்கு நாளைக்கு வாங்கிப் போடுகிறேன். கிளாம்பை இப்போதே பார்த்துவிட்டேன், ஒன்று மேட்டின் மேலேதான் ஏறி உட்கார்ந்திருந்தது. தள்ளி இறுக்கியாயிற்று.

எல் போர்டு:

அண்ணா, என் வண்டியிலும் பூட்டை அமுக்கினால் தளதளவென்று இருக்கிறது. தனி இழையில் கேட்கட்டுமா?

ஸ்பேனர் 17:

கேளுங்கள். என்ன வண்டி, அந்த மருந்தை எப்போது கடைசியாக ஊற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.